சம்பந்திகள் பேசிய சமத்துவம்

“கல்யாணமானா பொண்ணு மட்டும் ஏங்க பொறந்த வீட்டை விட்டுக் கிளம்பணும்? இது என்ன நியாயம்? நாம எந்தக் காலத்துல இருக்கோம்?”

சிவஞானம் மேசையைத் தட்டிய தட்டில் தேநீர்க் கோப்பைகள் குலுங்கின. பலாபத்வலவில் நுஸ்லாவின் வீட்டு முன்னறை அது. இரண்டு குடும்பத்துக்கும் வேண்டியவள் என்பதால் நடுவர் வேலை அவள் தலையில் விழுந்திருந்தது.

எதிரே உட்கார்ந்திருந்த தவமணிதேவி மூக்குக்கண்ணாடியைக் கழற்றி நிதானமாகத் துடைத்தார். “பொறுங்கோ சம்பந்தி. மேசை என்ன பாவம் செய்தது?”

விஷயம் இதுதான். நிரஞ்சனுக்கும் வாகினிக்கும் அடுத்த மாதம் கல்யாணம். இருவருக்கும் நாவுலவில் ஒரே வங்கியில் வேலை. அங்கே கட்டிக்கொண்டிருக்கும் வீடு முடிய இன்னும் இரண்டு வருஷமாவது ஆகும். அதுவரை குடித்தனம் மாத்தளையில் சிவஞானம் வீட்டிலா, கலேவெலவில் தவமணிதேவி வீட்டிலா? “எங்களுக்கு எங்க இருந்தாலும் சரி, நீங்களே பேசி முடிவு பண்ணுங்க” என்று சொல்லிவிட்டு ஜோடி சீமெந்து விலை விசாரிக்கப் போய்விட்டது.

“தோத்துட்டு வந்தீங்கன்னா வாசப்படி ஏற விடமாட்டேன்” என்று மனைவி மங்களேஸ்வரி காலையிலேயே எச்சரித்து அனுப்பியிருந்தாள். அதற்காகவே சிவஞானம் ஒரு வாரமாகத் தன் கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் ஊர் ஊராக வழக்கம் கேட்டு வைத்திருந்தார்.

மாத்தளையில் அவருடைய ஆட்களின் வழக்கம், பெண் புருஷன் வீட்டுக்குப் போவது. யாழ்ப்பாணத்தில் வேறு. அங்கே வீட்டைச் சீதனமாக மகள் பெயரில் எழுதுவார்கள். மாப்பிள்ளை அந்த வீட்டுக்கு வந்து இருப்பார். தவமணிதேவி அந்தப் பக்கத்து மானிப்பாய்க்காரர், கச்சேரி என்கிற அரசாங்க அலுவலக வேலையாக இந்தப் பக்கம் வந்து கலேவெலவிலேயே தங்கிவிட்டவர். அப்படியென்றால் அவரவர் வழக்கத்துக்காக அவரவர் சண்டை போட வேண்டும் இல்லையா? அன்று நடந்தது தலைகீழ்.

“வழக்கம்னா உங்க யாழ்ப்பாணத்து வழக்கம்தாங்க வழக்கம்! வீடு பொண்ணு பேர்ல. அவ ராணி மாதிரி இருந்த இடத்துலயே இருப்பா. மாப்பிள்ளைதான் செருப்பைக் கழட்டிட்டு உள்ள வரணும்” என்றார் சிவஞானம்.

“ராணியோ? நல்ல கதை! வீடு அவளின்ர பேரில எண்டாலும், விக்கிறதெண்டா புருஷன்ர கையெழுத்து வேணும். எங்கட தேசவழமைச் சட்டம் அப்பிடி. உங்கட மலையகத்துப் பொம்பிளையளைப் பாருங்கோ. புது வீட்டுக்குப் போய், புது ஆக்களோட பழகி, வேலைக்கும் போய்... அதெல்லோ துணிச்சல்! அதெல்லோ விடுதலை!”

“அது விடுதலை இல்லங்க, ட்ரான்ஸ்ஃபர்! அப்பீல் போட முடியாத ட்ரான்ஸ்ஃபர். கச்சேரியில இருந்த உங்களுக்கு நான் சொல்லணுமா?”

நுஸ்லாவுக்குச் சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது. கையால் வாயை மூடிக்கொண்டாள்.

“கண்டிச் சிங்களவங்களை எடுத்துக்குங்க” என்று சிவஞானம் விடாமல் தொடர்ந்தார். “அவங்ககிட்ட ‘பின்ன’ன்னு ஒரு கல்யாண முறை இருக்கு. மாப்பிள்ளை பொண்ணு வீட்டோட வந்துடணும். அந்தக் காலத்துல குடையும் கைத்தடியும் வாசல்லயே தயாரா வச்சிருப்பாராம். பொண்டாட்டி ‘போ’ன்னா மழையா இருந்தாலும் கிளம்பணும்!”

“அது எங்கயோ ஒண்டு ரெண்டு. மற்ற ஆக்கள் எல்லாரும் ‘தீக’ முறைதான். பெட்டை புருஷன் வீட்டதான் போறவள். நுஸ்லா, உங்கட ஆக்களில எப்பிடி?”

“எங்கட மார்க்கத்துல பொண்ணுக்கு மஹர்ப் பணம் மாப்பிள்ளதான் குடுக்கணும் அக்கா. கிழக்குப் பக்கம் போனீங்கன்டா, எங்கட ஆக்கள் வீட்டையே பொண்ணுக்குத்தான் குடுப்பாங்க. மாப்பிள்ள அங்க வந்து இருப்பாரு.”

“கேட்டீங்களா!” சிவஞானம் நாற்காலியை விட்டே எழுந்துவிட்டார். “யாழ்ப்பாணம், கண்டி, கிழக்கு... எல்லாப் பக்கமும் சாட்சி சொல்லுது. நாமதான் இன்னும் பொண்ணைப் பார்சல் மாதிரி ஏத்தி இறக்கிக்கிட்டு இருக்கோம்!”

“அப்ப என்ர மனசை ஒருத்தரும் யோசிக்கேல்லையோ?” தவமணிதேவியின் குரல் இலேசாக உடைந்தது. “நான் எவ்வளவு ஆசையோட இருந்தனான் தெரியுமோ?”

சிவஞானத்துக்கு ஒரு கணம் பாவமாக இருந்தது. மங்களேஸ்வரியின் முகம் ஞாபகம் வந்ததும் அந்தப் பாவம் போய்விட்டது.

“சம்பந்தியம்மா, ஆசை வேற, உரிமை வேற. உரிமைன்னு வந்துட்டா நாம பெத்தவங்க கொஞ்சம் தியாகம் பண்ணித்தான் ஆகணும்.”

“யா அல்லாஹ்! ரெண்டு பேருக்குள்ளயும் இவ்வளவு பெண்ணுரிமை எங்கதான் ஒளிஞ்சி இருந்திச்சோ” என்றாள் நுஸ்லா. “சரி, என்ட தீர்ப்பக் கேளுங்க. பொண்ணு பொறந்த வீட்டுலயே இருக்கட்டும். மாப்பிள்ளதான் போகணும்.”

தவமணிதேவி பெருமூச்சு விட்டார். “சமத்துவம் எண்டால் சமத்துவம்தான். என்ன செய்யிறது” என்று கைப்பையை எடுத்துக்கொண்டு, மிச்சத் தேநீரைக்கூடக் குடிக்காமல் பஸ்ஸுக்கு நடந்தார்.

அவர் தலை மறைந்ததும் சிவஞானம் வாசலுக்கு வந்து அவசரமாகக் கைப்பேசியை எடுத்தார்.

“மங்களம், ஜெயிச்சுட்டேன்! நம்ம பையனோட பெட்டியக் கட்டு. ரெண்டு வருஷத்துக்கு அவன் மாமியார் வீட்டுலதான்.”

“முருகா! இனிமே அவன எழுப்பி, ஊட்டாத குறையா சாப்பிட வச்சு, ஈரத் துண்ட எடுத்துக் காயப்போடுற வேலை எனக்கில்ல... ஆனாலும் வாகினியோட அம்மா பாவங்க.”

“என்ன பாவம்? அவங்க மகளை நம்ம தலையில கட்டத்தானே அந்தம்மாவும் அவ்வளவு விடுதலை பேசினாங்க!”