வெள்ளைப் புகை

"பாருங்க பாய், இன்னும் பொகை வருதுங்களே!" காரின் பின்னால் குனிந்தபடியே பாலுசாமி அலறினார். குரலில் பாதி அழுகை.

மெக்கானிக் அப்துல் நாசர் எழுந்து வந்தார். ஓடிக்கொண்டிருந்த வண்டியின் சைலன்சர் வாயில் ஒரு வெள்ளைத் துணியைப் பிடித்து, எடுத்து உதறிக் காட்டினார். "வெளுத்த துணி வெளுத்தபடியே இருக்குதுங்ணா. எங்கீங்க பொகை?"

பாலுசாமிக்கு நம்பிக்கை வரவில்லை. சிங்காநல்லூரில் மில் வாசலில் நின்று வாடகைக்கு ஓடும் நாற்பத்தெட்டாம் வருஷத்துச் சீமைக் கார் அது. அவர் வீட்டுக்குச் சோறு போடுவதும் அது ஒன்றுதான்.

போன வாரம் எஃப்.சி. என்னும் தகுதிச் சான்றுக்குக் கொண்டு போனபோது பிரேக் இன்ஸ்பெக்டர் வெங்கடபதி திருப்பி அனுப்பிவிட்டார். "கரும்பொகை கக்குதுங்க. அடுத்த தடவையும் கக்குச்சுன்னா, இந்த வண்டி ரோட்டுப் பக்கமே வரக்கூடாதுங்க." கோயமுத்தூர் மனுஷர், கழுத்தை அறுத்தாலும் 'ங்க' போட்டுத்தான் அறுப்பார்.

கூத்து என்னவென்றால், அவர் சொல்லும்வரை அந்தக் கரும்புகையைப் பாலுசாமி கவனித்ததே இல்லை. தன் பிள்ளையின் குறை பெற்றவனுக்கு எங்கே தெரியும் என்று கார் ஸ்டாண்டில் எல்லோரும் சிரித்தார்கள்.

நாசர் பாய் லேசுப்பட்டவரல்ல. பிளக்கைக் கழற்றிப் பார்த்தார், கரி அப்பியிருந்தது. கார்புரேட்டரைச் சுத்தம் செய்தார், புகை நிற்கவில்லை. கடைசியில் காற்று உள்ளே போகும் ஏர் கிளீனரைத் திறந்தால், தலையணைக்கே ஆகும்போல அத்தனை பஞ்சு!

"மில்லு வாசல்லயே நிறுத்தி நிறுத்தி, பறக்கற பஞ்சையெல்லாம் உள்ள இழுத்துப்போட்டுதுங்ணா. காத்து பத்தாம பெட்ரோல் சரியா எரியல. அதானுங்க கரும்பொகை."

பஞ்சை எடுத்ததும் கரும்புகை நின்றுவிட்டது. ஆனால் அது போன இடத்தில் வெண்புகை மெல்லிசாகச் சூழ்ந்து நிற்பதைப் பாலுசாமி இப்போது பார்க்கிறாரே!

"கருப்புன்னா காத்து, நீலம்னா ஆயிலு, வெள்ளைன்னா தண்ணின்னு நீங்கதானுங்களே பாய் சொன்னீங்க? எஞ்சின் வெடிச்சு உள்ள தண்ணி எறங்குதுங்களா?"

"அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேயுங்ணா. தைரியமாப் போங்க" என்று நாசர் பாய் சிரித்தார். தம்மைத் தேற்றுவதற்காகப் பொய் சொல்கிறார் என்றே பாலுசாமி நினைத்தார்.

மறுநாள் காலையில், எஃப்.சி.க்குக் கிளம்புமுன் அவர் காரின் முன்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருந்தார். காபி டம்ளரோடு வந்த மனைவி ரங்கநாயகி, "இன்னும் என்னத்தத் தொடைக்கறீங்க?" என்றாள்.

"பனி அம்மணி. தொடைக்கத் தொடைக்கப் போகமாட்டேங்குது."

"பங்குனி மாசத்துல ஏதுங்க பனி?"

பாலுசாமிக்குக் கை அப்படியே நின்றுவிட்டது. பனி இல்லையென்றால் புகை. பின்னால் வந்த சனியன் இப்போது வண்டிக்குள்ளேயே வந்துவிட்டது! காபியைக் குடிக்காமலே கிளம்பினார்.

வழியெல்லாம் வெண்புகை. திடீரென்று ஒரு மாட்டு வண்டி எதிரே முளைக்க, அவர் பிரேக்கின் மேல் ஏறி நின்றார். கார் மாட்டின் கொம்பை உரசாத குறையாக நின்றது.

"ஏனுங்க, பட்டப்பகல்ல இத்தாப்பெரிய மாடு தெரியலீங்களா?" என்று வண்டிக்காரன் கத்தினான். பாலுசாமி அவனைச் சுற்றிக்கொண்டு போனார். இந்தப் புகையைப் பார்த்தால் இன்ஸ்பெக்டர் விடுவாரா? கோனியம்மா, இந்த ஒரு தடவை காப்பாத்து தாயே என்று வேண்டிக்கொண்டே ஓட்டினார்.

எஃப்.சி. மைதானத்தில் வெங்கடபதி காரில் ஏறி ஆக்சிலேட்டரை மிதித்தார். எஞ்சின் உறுமியது. அதை ஓடவிட்டுவிட்டு இறங்கி, பின்பக்கம் போய்க் கைக்குட்டையைச் சைலன்சரில் பிடித்தார். வாயே திறக்கவில்லை. பேசுகிற அதிகாரியைக்கூடச் சமாளித்துவிடலாம், பேசாத அதிகாரியை என்ன செய்வது? பாலுசாமி கையெடுத்துக் கும்பிட்டார்.

"ஐயா, வெள்ளைப் பொகைதானுங்க! கொஞ்சம் டைம் குடுத்தீங்கன்னா எஞ்சினையே பிரிச்சுப் பாத்துப்போடறனுங்க. வண்டிய நிறுத்திப்போடாதீங்க சாமி, எங்களுக்கு வேற பொழப்பு இல்லீங்க!"

வெங்கடபதி நிமிர்ந்தார். "எங்கீங்க பொகை?"

"இதா, உங்களச் சுத்தியே நிக்குதுங்களே!"

இன்ஸ்பெக்டர் தம்மைச் சுற்றிப் பார்த்தார். பிறகு எஞ்சினை நிறுத்தி, சாவியை உருவிக்கொண்டு வந்தார். மைதானம் அமைதியாயிற்று.

"இப்பங்க?"

"இன்னும் போகலீங்களே ஐயா!" பாலுசாமி அழுதேவிட்டார்.

வெங்கடபதி பக்கத்தில் வந்தார். பாலுசாமியின் முகவாயைப் பிடித்து வெயிலுக்குத் திருப்பி, உற்றுப் பார்த்தார். அந்தக் கடுகடுத்த முகம் தளர்ந்தது. கார்ச் சாவியைத் தம் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

"வண்டி பாஸுங்க" என்றார் மெதுவாக. "உங்க கண்ணுல தெரியறது பொகை இல்லீங்க. பொரை!"