சுபஸ்ரீயின் முட்டை

“மூணு வயசு முடியப்போவுது. ரெண்டு வயசுப் பிள்ளை உயரம்கூட இல்லையே. வீட்டுல என்னதாம்மா கொடுக்கிறே?”

ஸ்ரீரங்கம் சுகாதார நிலையம். உயரம் அளக்கும் பலகையிலிருந்து சுபஸ்ரீயை இறக்கிவிட்டாள் நர்ஸ் லிசி. காலையிலிருந்து இது நாற்பதாவது குழந்தை. குரலில் கோபத்தைவிட அலுப்புதான் அதிகம்.

குழந்தையின் அம்மா அழகம்மாள் தலைகுனிந்துகொண்டாள்.

“பால்?”

“டீக்கு வாங்குறதுதாங்க.”

“முட்டை?”

“தினம் ரெண்டு வாங்குவேங்க. இவருக்கு ஒண்ணு, பாப்பாவுக்கு ஒண்ணு.”

பக்கத்தில் நின்ற அவள் கணவன் வீரமலை சட்டென்று நிமிர்ந்தான். காந்தி மார்க்கெட்டில் மூட்டை தூக்குகிறவன். லீவு போட்டுவிட்டு வந்திருந்தான்.

“நிஜத்தைச் சொல்லும்மா. பாப்பா தினம் முட்டை சாப்பிடுதா?” லிசி விடவில்லை.

அழகம்மாள் குழந்தையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

“முட்டை அப்பாவுக்கு” என்றது குழந்தை.

லிசி வீரமலை பக்கம் திரும்பினாள்.

“ஏங்க, பிள்ளை பங்கையும் நீங்களே சாப்பிட்டுடுறீங்களா?”

வரிசையில் இருந்த பெண்கள் எல்லாரும் அவனைப் பார்த்தார்கள். அவன் மனைவியைப் பார்த்தான். முந்தானை நுனியை முறுக்கிக்கொண்டிருந்தாள்.

“ஆமாங்க. நான்தான் கேட்டு வாங்கித் தின்னுடுவேன்.”

“சொல்ல வெக்கமா இல்ல? இந்த வயசுல நின்னுபோன வளர்த்தியை அப்புறம் பிடிக்கிறது கஷ்டங்க.” அட்டையில் எதையோ எழுதி நீட்டினாள். “அடுத்த மாசமும் நீங்களே கூட்டிட்டு வரணும்.”

“சரிங்க.”

பஸ் ஸ்டாப்புக்கு நடந்தார்கள். குழந்தை அவன் தோளில் தூங்கிவிட்டது.

“ஏங்க அப்படிச் சொன்னீங்க?” என்றாள் அழகம்மாள். “நீங்க ஒருநாளும் கேட்டதில்லையே. ‘பாப்பா சாப்பிட்டாச்சு’ன்னு பொய் சொல்லி ரெண்டையும் உங்களுக்கு வெச்சது நான்தானே. அன்னிக்கு மூட்டையோட மயங்கி விழுந்தீங்க பாருங்க, அந்தப் பயம்…”

வீரமலை தோளில் சரிந்த குழந்தையை ஏற்றிப் பிடித்துக்கொண்டான்.

“தட்டுல ரெண்டு இருந்துச்சு, தின்னேன். இவ தட்டுல என்ன இருக்குன்னு ஒருநாள்கூட எட்டிப் பாக்கல. அந்தம்மா திட்டினது சரியான ஆளைத்தான், அழகு.”