ஒப்பிட ஓர் ஆள்

தாலியைக் கழற்ற வேண்டும் என்றார்கள்.

அவள் கழுத்தைக் கையால் மூடிக்கொண்டாள்.

எலும்பின் அடர்த்தியை அளக்கும் அறை. உடம்பில் உலோகம் எதுவும் இருக்கக் கூடாது. தோடும் வளையலும் ஏற்கெனவே கைப்பைக்குள் போய்விட்டன. தாலிக்கொடியில் அவசரத்துக்குத் தொங்கவிட்டிருந்த ஊக்குகளும் போய்விட்டன. கொடியைக் கழற்ற மட்டும் மனசு வரவில்லை.

எலும்புத் தேய்மானத்துக்குப் புதிதாக ஒரு மருந்து. அதைச் சோதித்துப் பார்க்கும் ஆராய்ச்சிக்கு அவளாகவே வந்து பெயர் கொடுத்திருந்தாள். யாரும் வற்புறுத்தவில்லை. அவளுடைய அக்கா இடுப்பெலும்பு முறிந்து, கடைசிக் காலம் முழுக்கக் கட்டிலோடு கிடந்தாள். திருப்பிப் படுக்க வைத்ததும் துடைத்துவிட்டதும் அத்தான்தான். தன்னையும் ஒருவர் அப்படித் தூக்கிப் போடும் நிலை வரவே கூடாது. அவள் வேண்டுதல் அது ஒன்றுதான்.

அந்த ஒருவர் வெளியே பெஞ்சில் உட்கார்ந்து, செய்தித்தாளால் விசிறிக்கொண்டிருந்தார்.

ஆராய்ச்சியில் சிலருக்குப் புது மருந்து, சிலருக்குப் பழைய மருந்து. எது யாருக்கு என்று ஊசி போடுகிறவருக்கே தெரியாதாம். தெரியாவிட்டால் போகட்டும். முன்பின் தெரியாதவர்கள் தன் எலும்பைப் பற்றி இவ்வளவு கவலைப்படுவதே அவளுக்குப் பெரிய காரியமாக இருந்தது.

அதற்காக வெறுங்கழுத்தோடு படுத்துவிட முடியுமா.

ஜெயசீலி சிரிக்கவில்லை. அந்த இயந்திரத்தை இயக்குகிற பெண் அவள். மேசை இழுப்பறையைத் திறந்தாள். உள்ளே மஞ்சள் கயிற்றுக் கண்டு, ஒரு டப்பா நிறைய விரலி மஞ்சள். கழுத்தில் சிலுவை போட்டவள், இப்படி வந்து தயங்கி நிற்கிறவர்களுக்காகவே வாங்கி வைத்திருந்தாள்.

"ஐயாவக் கூப்பிடறேங்கம்மா. அவரே கட்டட்டும்."

அந்தப் பெண்ணின் கையைப் பிடித்துக்கொள்ள வேண்டும்போல் இருந்தது அவளுக்கு.

அவர் வந்தார். இந்த வயதில் இன்னொரு தடவையா என்று அலுத்துக்கொண்டார். மேளம் எங்கே என்று தேடினார்.

அவள் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். அவர் பின்னால் நின்று குனிந்தார்.

பாதியில் நின்றுவிட்டார்.

பிடரியில் அவர் மூச்சு தடைப்பட்டுத் திரும்புவது அவளுக்குத் தெரிந்தது. எதிரே ஜெயசீலியின் முகம் மாறுவதும் தெரிந்தது. பிறகு அவர் சுவரைப் பிடித்துக்கொண்டு, முதுகை வளைக்காமல் முழங்காலை மட்டும் மடக்கி இறங்கி, முடிச்சைப் போட்டார்.

மூன்றாவது முடிச்சுக்கு ரொம்ப நேரம் எடுத்தது.

அவளுக்குப் படம் எடுத்து முடிந்ததும் ஜெயசீலி அவரை விடவில்லை. ஒப்பிட்டுப் பார்க்க ஆண்களும் வேண்டும் என்றாள். நல்ல எலும்பு எப்படி இருக்கும் என்று தெரிந்தால்தானே தேய்ந்த எலும்பை அளக்க முடியும். அவருக்கு ஒரே பெருமை. கேட்டதற்கெல்லாம் சம்மதம் சொல்லிக் கையெழுத்துப் போட்டார். வெள்ளி அரைஞாணை அவிழ்த்து மனைவி கையில் கொடுத்துவிட்டு, பந்தயத்துக்குப் போகிறவர் மாதிரி உள்ளே போனார்.

டாக்டர் இருவருடைய படங்களையும் திரையில் அடுத்தடுத்து வைத்தார்.

அவளுடைய எலும்பு தேய்ந்துதான் இருந்தது. முறிவு எதுவும் இல்லை. ஆராய்ச்சியில் சேர்ந்துகொள்ளலாம்.

அவருடைய நடுமுதுகில் இரண்டு எலும்புகள் நசுங்கியிருந்தன.

பழைய முறிவு, ஒரு வருஷம் இருக்கலாம் என்றார் டாக்டர். கனமாக எதையாவது தூக்கினீர்களா என்று கேட்டார்.

"அப்பிடியெல்லாம் ஒண்ணுமில்லீங்க."

கேள்வி முடிவதற்குள் சொல்லிவிட்டார்.

அவளுக்குப் போன ஐப்பசி நினைவுக்கு வந்தது.

சிக்குன்குனியா வந்து, காலைத் தரையில் ஊன்ற முடியாமல் கிடந்தாள். ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிய அன்று, குடியிருப்பில் லிஃப்ட் ஓடவில்லை. வீடு இரண்டாம் மாடியில். வாட்ச்மேனைக் கூப்பிடலாம் என்றாள். அவர் காதிலேயே வாங்கவில்லை. இரண்டு கையாலும் வாரி எடுத்துக்கொண்டு ஏறிவிட்டார். பஞ்சு மூட்டை கூட இதைவிடக் கனக்கும் என்று படிக்குப் படி கேலி வேறு.

அன்றிலிருந்து அவர் தரையில் பாய் விரித்துப் படுக்க ஆரம்பித்தார். மெத்தை சூடு என்றார். ஏசி வாங்க அடிபோடுகிறார் என்று அவள் நினைத்தாள். வந்த விருந்தாளிகளிடம் அதைச் சொல்லிச் சிரித்தும் இருக்கிறாள். அவரும் கூடச் சேர்ந்து சிரித்தார்.

ஒரு முனகல் கேட்டதில்லை.

முதலில் கோபம்தான் வந்தது. அப்புறம் கோபம் இருந்த இடம் தெரியவில்லை. இத்தனை வருஷக் குடித்தனத்தில் அவரிடம் நன்றி என்று அவள் ஒரு தடவையும் சொன்னதில்லை. அவர்கள் வீட்டில் அது வெளியாட்களுக்குச் சொல்கிற வார்த்தை. இப்போது அது தொண்டை வரை வந்து நின்றது. அவர் வலியைப் பார்த்துவிட்ட ஜெயசீலிக்கும் சேர்த்து, படம் காட்டிய டாக்டருக்கும் சேர்த்து.

டாக்டர் பேசிக்கொண்டிருந்தார். அவரும் விரும்பினால் ஆராய்ச்சியில் சேரலாம். சேராவிட்டாலும் வைத்தியம் உண்டு, பயப்பட வேண்டாம். ஆனால் இனிமேல் கனமாக எதையும் தூக்கக் கூடாது.

எல்லாவற்றுக்கும் தலையாட்டிக்கொண்டிருந்தவர் அதற்கு மட்டும் ஆட்டவில்லை.

"இந்த ஊசியப் போட்டுக்கிட்டா, கொஞ்ச நாள் கழிச்சுத் தூக்கலாமுங்களா?"

"எவ்வளவு கனம்?" என்று கேட்டார் டாக்டர்.

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"நாப்பத்தெட்டு கிலோங்க" என்றாள் அவள்.