கூறைச்சேலைப் பாய்

மீன் குஞ்சு பொரிக்கும் வடகரையை எண்ணெய்க் கிடங்குக்கு எழுதிக் கொடுத்தாலன்றி ஒரு துளி டீசலும் இறக்கமாட்டோமென்று, அயல்நாட்டுக் கப்பல் தீவின் துறைமுக வாயிலில் நங்கூரமிட்டு நின்றது. டீசலின்றிப் படகுகள் யாவும் கரையில் கிடந்தன. பசி தாளாமல் ஊரார் மறுநாள் கையொப்பமிட இருந்தனர். எர்மினாவோ பெட்டியிலிருந்த தன் கூறைச்சேலையை எடுத்துப் பாயாகத் தைத்து, கணவன் சவிரியானின் படகில் ஏற்றினாள்.

"இஞ்சேர், இது வள்ளத்தை இழுக்குமோ?" என்றான் அவன்.

"உங்களையே இவ்வளவு காலமும் இழுத்துக்கொண்டு வந்தது. வள்ளத்தை இழுக்காதோ?"

காற்றுப் பிடித்தது. செம்பட்டுப் பாய் விம்மி, கப்பலின் கரிய நிழலைக் கடந்து ஆழ்கடலுக்குப் போயிற்று. கண்குளிரக் கண்ட எர்மினா, பெருமிதத்தோடு திரும்பினாள். உடன் நின்ற பெண்களில் ஒருத்தியும் கரையில் இல்லை. வீடுதோறும் பெட்டிகள் திறக்கும் ஓசை கேட்டது.