தூணைத் தாங்கிய துறவி

நம்பினால் நம்புங்கள், ஒரு வீட்டுக் கூடத்தில் ஓர் ஓவியம் தொங்கியது. இடிந்த பழங்கோயில், அதில் ஒரு சாய்ந்த தூண், தூணில் முதுகை வைத்து இளைப்பாறும் ஒரு துறவி. "அடடா, என்ன நிம்மதி!" என்பார்கள் வந்தவர்கள். துறவிக்கோ இருப்புக் கொள்ளவில்லை.

ஓவியத்துக்குப் பின்னால் குடியிருந்த பல்லி ஒருநாள் தலையை நீட்டியது. "என்ன சாமி, உட்கார்ந்த இடத்தில் முள்ளா? இப்படி நெளிகிறீர்களே!"

"அதோ தூரத்தில் குளம் தெரிகிறதே, அதில் காலை நனைக்க எத்தனை காலமாக ஆசை தெரியுமா? நான் எழுந்தால் இந்தத் தூண் விழுந்துவிடும். நான்தானே தாங்குகிறேன்!"

"ஒரு நடை போய்த்தான் பாருங்களேன்."

வீட்டார் உண்ட மயக்கத்தில் கிடந்த ஒரு மத்தியானம், துறவி துணிந்து எழுந்தார். குளக்கரையில் நின்று காலைத் தூக்கியவர் திரும்பிப் பார்த்தார். தூண் அசையவே இல்லை. முன்பைவிட நிமிர்ந்திருப்பதுபோலக்கூடத் தெரிந்தது. காலை நனைக்காமலே ஓடிவந்து முதுகைக் கொடுத்தார்.

"விழப் பார்த்தாய், இல்லையா?"

அவர் முகத்தைப் பார்த்துத் தூணுக்கு இரக்கமாகிவிட்டது. "ஆமாம் சாமி, இன்னும் ஒரு நொடி தாமதித்திருந்தால் மண்ணோடு மண்ணாகியிருப்பேன்."

சிரிப்பை அடக்க முடியாமல் பல்லி "உச், உச்" என்றது.

சொன்ன வாய் மூடுமுன் பல்லி சத்தமிட்டால் அது சத்தியம் அல்லவா? "கேட்டாயா, பல்லியே சொல்லிவிட்டது!" என்று துறவி இன்னும் அழுத்திச் சாய்ந்துகொண்டார்.

கால்விரல்கள் மட்டும் இன்றும் குளத்துப் பக்கமே நீண்டிருக்கின்றன.