பட்டியலில் விட்டுப்போன ஒன்று

ஞாயிறு மதிய வெயில் ஜன்னல் கம்பிகளின் நிழலோடு மேசைமேல் விழுந்து கிடக்கிறது. மருந்துக்கடையில் வாரம் முழுக்க நின்று வீங்கிய கால்களை, புதுக் கணினி வந்த அட்டைப்பெட்டியின் மேல் நீட்டியபடி அக்கா திரையைப் பார்க்கிறாள். அப்டேட் அப்டேட் என்று உயிரை வாங்கிய பழைய கணினியைத் தலைமுழுகிவிட்டு, லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்துக்கு மாற அவள் போட்ட பட்டியல் கைக்கருகில் இருக்கிறது. கிராபிக்ஸ் கார்டு, வைஃபை, ஹெட்போன், கன்ட்ரோலர் என்று லினக்ஸோடு ஒத்துப்போகுமா என விசாரித்து விசாரித்து வாங்கிய ஒவ்வொன்றுக்கும் நேரே ஒரு சிவப்பு டிக். எல்லாம் சொன்ன பேச்சைக் கேட்கின்றன. ஆனால் தம்பியோடு வாராவாரம் ஒரு மணி நேரம் இணையத்தில் ஆடும் அந்த ஒரே கணினி விளையாட்டு, நுழைந்த வேகத்தில் அவளை வெளியே தள்ளுகிறது. ஏமாற்றுகிறவர்களைப் பிடிக்க அதில் வைத்திருக்கும் காவல் நிரலுக்கு லினக்ஸ் என்றாலே ஆகாதாம். ஊரையே கல்யாணத்துக்கு அழைத்துவிட்டு மாப்பிள்ளையிடம் சொல்ல மறந்த கதை. “என்னக்கா, உள்ள வந்துட்டியா?” என்கிறான் கடல் தாண்டியிருக்கும் தம்பி, போனில். “இல்லடா. சேத்துக்க மாட்டேங்குது. எல்லாத்தையும் பாத்தேன், இத மட்டும் பாக்கல.” “சரி விடு. இன்னைக்கு சும்மா பேசிட்டிருப்போம்.” அம்மா இறந்துபோன பிறகு இருவரும் பேசிக்கொண்டதெல்லாம் ஆட்டத்துக்கு நடுவே ‘இடப்பக்கம் வா’, ‘பின்னால பாரு’ மட்டும்தான். அவள் பட்டியலை மடிக்கிறாள், பிரிக்கிறாள். “சாப்டியா?” “ம். நீ?” “ம்.” ஒரு மணி நேரத்தில் இன்னும் ஐம்பத்தெட்டு நிமிஷம் மிச்சமிருக்கிறது.