மஞ்சள் ரோஜாவின் அகலம்

மஞ்சள் ரோஜா. இதழில் மூன்று பனித்துளிகள். கீழே, இனிய காலை வணக்கம்.

அலுவலகத்தில், எதனோடும் இணைக்காத சோதனைக் கணினியில், அவள் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கைபேசிகளில் படங்களைத் திறந்து காட்டும் நிரல் அவளுடைய குழு எழுதியது. அதில் ஓட்டை இருக்கிறது என்று யாரோ எழுதி, சான்றாக இந்தப் படத்தை அனுப்பியிருந்தார்கள். திறந்தால் போதும். கைபேசி வேறொருவர் வசமாகிவிடும். பேச்சு, இருப்பிடம், எல்லாம்.

படம் தன் அகலத்தையும் உயரத்தையும் பொய்யாகச் சொல்கிறது. இரண்டையும் பெருக்கினால் வரும் எண், நிரல் அதற்கு வைத்திருக்கும் கட்டங்களில் அடங்காது. பழைய ஸ்கூட்டர் மீட்டர் 99999-க்குப் பிறகு சுழியத்துக்குத் திரும்புவதுபோல, விடை மிகச் சிறிதாகிவிடும். அதை நம்பி நிரல் நினைவகத்தில் ஒரு சின்ன அறையைத் தருகிறது. படம் சுவரைத் தாண்டி வழிகிறது.

பெருக்கும் அந்த வரியை எழுதியவள் அவள்தான். மூன்று வருடங்களுக்கு முன்.

அகலம், 65537.

அந்த ரோஜாவை அவளுக்குத் தெரியும்.

போன ஞாயிற்றுக்கிழமை கணவன் அனுப்பியது. தினமும் ஏதாவது ஒரு பூ அனுப்புவான். அவள் திறந்துகூடப் பார்ப்பதில்லை. அன்று மட்டும் குளியலறைக் கதவைத் தட்டிக் கேட்டான்.

"பூ அனுப்பினேனே, தொறந்து பாத்தியா?"

பார்த்தாள்.

செவ்வாய் மதியம் அலுவலகப் படிக்கட்டில் நின்று பாரதி தெருவில் உள்ள ஒரு பெண்கள் விடுதிக்குப் பேசினாள். வெள்ளிக்கிழமை பெட்டியோடு வருவதாகச் சொன்னாள். வேறு யாருக்கும் தெரியாது.

அன்று இரவு சாப்பிடும்போது, அவள் தட்டில் ரசம் ஊற்றிக்கொண்டே அவன் சொன்னான்.

"பாரதி தெரு ஹாஸ்டல்ல தண்ணியே வராதாம், தெரியுமா?"

இன்று வியாழன்.

கைபேசி கணினிக்குப் பக்கத்தில் கிடந்தது.

அணைத்தால் அவனுக்குத் தெரியும். எடுத்துக்கொண்டு போனால் கூடவே வருவான். வீட்டுக்குப் போனால், நாளை வாசலைத் தாண்ட விடமாட்டான்.

அதைக் கவிழ்த்து வைத்தாள்.

நிரலில் ஒரே ஒரு வரி சேர்த்தாள். விடை அடங்காது என்றால், படத்தைத் திறக்காதே.

அது எல்லாக் கைபேசிகளுக்கும் போய்ச் சேர இரண்டு வாரம் ஆகும்.

ஒரு காகிதத்தில் நாலு வரி எழுதி, பக்கத்து மேசை ஜெசிந்தாவிடம் நீட்டினாள்.

ஜெசிந்தா இரண்டு முறை படித்தாள். கவிழ்ந்திருந்த கைபேசியைப் பார்த்தாள். பிறகு, அதற்குக் கேட்கும்படி சொன்னாள்.

"உன்னப் போய் டீக்குக் கூப்பிட்டேன் பாரு. நீ அந்தக் கம்ப்யூட்டரையே கட்டிக்கிட்டு அழு."

அவள் ஓசைப்படாமல் எழுந்து, செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டாள்.

ஜெசிந்தா அவளுடைய நாற்காலியில் உட்கார்ந்து தட்டச்சு செய்ய ஆரம்பித்தாள். அவளைப் போலவே வேகமாக, நடுநடுவே யோசித்து நிறுத்தி.

ஒரு மாடி இறங்கும்வரை அவளுக்கு அது கேட்டுக்கொண்டே இருந்தது, தான் வேலை செய்யும் சத்தம்.